புற்றுமண் பூசிய ஏர் பைப்

அத்தான்,

நேற்று உங்கள் பதினாறாம் நாள் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவப் போனேன். புறவாசலில் உங்கள் மருமகள் ஒரு கிண்ணத்தில் புற்றுமண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். பேரனுக்கு முழங்கையில் சொறி. தண்ணீர் பட்டதும் அந்த மண்ணிலிருந்து ஒரு வாசனை கிளம்புமே, அது மூக்கில் ஏறியது. நம் ஊரில் பிறந்தவர்களுக்கு அது கோமதி அம்மன் சந்நிதியின் வாசனை. எனக்கு மட்டும் அதோடு டீசல் நாற்றமும் சேர்ந்து வருகிறது. நாற்பது வருடமாக இப்படித்தான். நீங்கள் செய்த காரியத்தால் சாமி பிரசாதத்தைக்கூட என்னால் நிம்மதியாக முகர முடியவில்லை.

உள்ளே கூடத்தில் உங்கள் படத்துக்கு ஆளுயர மாலை. சுற்றி உட்கார்ந்து ஆளாளுக்கு உங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். கைராசிக்காரர் என்றார் ஒருவர். அவர் தொட்டால் எந்த வண்டியும் மறுபேச்சுப் பேசாது என்றார் இன்னொருவர். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டேன். அப்போது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அவுக ஒருத்தர் மேலயும் அபாண்டமா ஒரு சொல்லு சொன்னது கெடையாது. ஒருத்தர் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கிடல. அந்தப் புண்ணியத்துலதான் படுக்கையில கெடக்காம போயிட்டாக." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

போய்ச் சேர்ந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நீங்கள் இருந்தபோதும் நான் சொல்லவில்லை. அப்படியென்றால் எப்போதுதான் சொல்வது? அதனால் இப்போது சொல்கிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது என்பது ஒரு வசதி. உயிரோடிருந்தவரை ஒரு வாக்கியத்தைக்கூட நீங்கள் முடிக்க விட்டதில்லை.

உங்களுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எது இருந்தது? கல்யாண வீட்டில் சாம்பாரைக் கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, சமையல்காரருக்குப் பருப்பு வேகவைக்கச் சொல்லிக் கொடுத்தது நீங்கள். நாதஸ்வரக்காரரிடம் சீவாளி சரியில்லை என்று சொல்லி அவரை எழுந்து போக வைத்ததும் நீங்கள். ஊசி போட வந்த கம்பவுண்டரிடம் இந்தக் கையில் வேண்டாம், அந்தக் கையில்தான் மருந்து இறங்கும் என்று விளக்கம் கொடுத்தீர்கள். அதெல்லாம் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். சாம்பாரில் யாரும் சாகப் போவதில்லை. ஆனால் உங்களிடம் ஒரு லாரி இருந்தது.

அது எண்பதுகளின் தொடக்கம். ராஜபாளையம் சாலையில் என் ஷெட். மற்ற ஷெட்டுகளில் இன்ஜின் பார்ப்பார்கள், கியர் பாக்ஸ் பார்ப்பார்கள். என்னிடம் ஏர் பிரேக் வேலைதான் வரும். பெரிய லாரிக்குக் காலால் மிதித்துப் பிரேக் பிடிக்க மனிதனின் பலம் போதாது. இன்ஜின் ஓடும்போது ஒரு கம்ப்ரஸர் காற்றை அடைத்து டேங்கில் நிரப்பும். டிரைவர் மிதித்தால் அந்தக் காற்று பைப் வழியாகப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். அந்தக் காலத்து வண்டிகளில் காற்று இருந்தால் பிரேக் உண்டு. காற்று போய்விட்டால் மிதி வெறும் இரும்புத் தகடு. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருக்கும், லோடு ஏற்றிய வண்டி அதை மதிக்காது.

பைப்பும் டேங்கும் சேருகிற இடத்தில் ஒரு நட்டு, அதற்குள் ஒரு சின்னப் பித்தளை வளையம். ஆலிவ் என்போம். பைப்பைக் கவ்விப் பிடித்துக் காற்றை வெளியே விடாமல் காப்பது அந்த வளையம்தான். அங்கே கசிந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நட்டைக் கழற்றி, நசுங்கின பைப் முனையை அறுத்தெடுத்து, பிசிறை ராவி, புது ஆலிவ் போட்டு, முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பானரால் அளவாக ஒரு பிடி. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் ஆலிவ் நசுங்கிப் பைப்பையும் நெரித்துவிடும், நட்டும் கீறிவிடும். இதை உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

உங்கள் டிரைவர் மாடசாமிக்கு இது தெரியும். பனவடலிசத்திரத்துக்காரன், அப்போது முப்பது வயதுகூட இல்லை. வண்டியை எடுக்கும் முன் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பான், ஏர் கேஜைப் பார்ப்பான், அப்புறம்தான் கியர் போடுவான். வெற்றிலை பாக்கு பீடி எதுவும் கிடையாது. வண்டியில் தூங்கக்கூட மாட்டான், கீழே துண்டை விரித்துத்தான் படுப்பான். இந்த ஒரு விவரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

அன்றைக்கு அக்கா பணியாரம் சுட்டிருக்கிறாள் என்று சைக்கிளில் வந்தேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் லாரி நின்றது. மாடசாமி உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "மொதலாளி, காலையில எடுக்கும்போது கேஜு சைபர்ல கெடக்கு. டேங்கு பக்கம் உஸ்ஸுனு சத்தம் கேக்கு. அண்ணாச்சி ஷெட்டுல ஒரு எட்டு காட்டிருவோம்."

"ஒரு உஸ்ஸுக்கு ஷெட்டுக்குப் போணுமால?" என்றீர்கள். ஸ்பானரை எடுத்து, பலம் போதாது என்று அதன் வாலில் ஒரு நீளமான இரும்புக் குழாயைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தீர்கள்.

"அத்தான், அத இறுக்கக் கூடாது. கழத்திப் புது ஆலிவ் போடணும். நான் இப்பவே போட்டுத் தாரேன்" என்றேன்.

"நீரு கத்துக்கிட்டு வந்தீரு, நான் பாத்துட்டு வந்தேன் வே. எது பெருசு?"

குழாயைப் பிடித்து ஒரு தொங்கு தொங்கினீர்கள். உஸ் என்ற சத்தம் ஸ்ஸீ என்று மெலிந்தது. "பாத்தீரா, கொறைஞ்சிட்டு" என்று வெளியே வந்தீர்கள். சத்தம் குறையவில்லை அத்தான், மாறிவிட்டது. ஆலிவ் நசுங்கி, நட்டில் முடி அளவு கீறல் விழுந்திருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. மாடசாமிக்கும் தெரிந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் பணியாரம் தின்னப் போனேன்.

இரண்டு நாள் கழித்து நீங்களே ஸ்கூட்டரில் என் ஷெட்டுக்கு வந்து, கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. டேங்குக்குப் பக்கத்தில் குனியச் சொல்லி, "காத வச்சுக் கேளும் வே" என்றீர்கள். இன்ஜின் ஓடிக் காற்று நிரம்பியிருந்தது. சத்தம் இல்லை. சோப்பு நுரையை அடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனிதர் உண்மையிலேயே ஏதோ செய்துவிட்டாரோ என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நுரையைத் துடைத்த பிறகுதான் பார்த்தேன். நட்டைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்கு மண் பூசியிருந்தது. புற்றுமண். நன்றாகக் குழைத்து, அப்பி, வெயிலில் காயவிட்டு, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தீர்கள். நகத்தால் சுரண்டப் போன என் கையைத் தட்டிவிட்டீர்கள்.

"அம்மன் மண்ணு வே! நகத்த வச்சுத் தோண்டுதீரு?"

"அத்தான், இது களிமண்ணு. காஞ்சா அடைக்கத்தான் செய்யும். வண்டி ஆடுத ஆட்டத்துல உதுந்துரும். லோடு ஏத்திக்கிட்டு நாலு தடவ அமுக்கிப் பிரேக் போட்டா காத்து பிச்சிக்கிட்டுப் போயிரும்."

"நம்பிக்க இல்லாதவன் கைய வச்சா வெளங்குமா? போயி உம்ம சோலியப் பாரும்."

அம்மன் அந்த மண்ணைச் சொறி சிரங்குக்குக் கொடுத்தாள் அத்தான். ஏர் பைப்புக்குக் கொடுக்கவில்லை. அவளை நானும் கும்பிடுகிறவன்தான். ஆடித் தபசுக்கு ஒரு வருடமும் தவறாமல் போய் நிற்கிறவன். உங்கள் சோம்பேறித்தனத்துக்கும் வீம்புக்கும் அவளை முட்டுக் கொடுக்கிறீர்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. பையில் ஸ்பானர் இருந்தது. உங்களைத் தள்ளிவிட்டு அந்த நட்டைக் கழற்றியிருக்கலாம். அக்கா வீட்டுக்காரரோடு தெருவில் மல்லுக்கு நிற்பதா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நானும் உங்களைப் போல் ஆகிவிடுவேன். அதற்கு முந்தின வருடம் என் மகனுக்கு ஜன்னி கண்டு பிதற்றியபோது, லோடு ஏற்றி நின்ற வண்டியை அப்படியே திருப்பி, நீங்களே ஓட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். வழியெல்லாம் டாக்டருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினீர்கள். இருந்தாலும் கொண்டுபோனீர்கள். பையன் பிழைத்தான். இன்றைக்கு அவனுக்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால்தான் உங்களை முழுசாக வெறுத்துத் தொலைக்கவும் என்னால் முடியவில்லை.

ஆனால் அந்த நாலைந்து நாட்கள் நீங்கள் ஊருக்குள் அடித்த கூத்து இருக்கிறதே. டீக்கடையில் உட்கார்ந்து, மெக்கானிக் கைவிட்ட கசிவை அம்மன் அடைத்துவிட்டாள் என்று கதை சொன்னீர்கள். மற்ற லாரிக்காரர்கள் வந்து குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் தன் ரேடியேட்டருக்கு ஆகுமா என்று கேட்டாராம். அதற்கும் நீங்கள் செவ்வாய்க்கிழமை பார்த்துப் பூசச் சொன்னீர்களாம். மாடசாமி மட்டும் தினமும் காலையில் அந்த மண்ணைப் பார்த்துவிட்டு, உதிர்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். நீங்கள் தினமும் புதிதாக அப்பியிருக்கிறீர்கள். எத்தனை பக்தி!

ஐந்தாம் நாள் திருவேங்கடத்திலிருந்து உளுந்து லோடு. வண்டியில் நீங்களும் மாடசாமியும். பகல் பதினொரு மணி இருக்கும். கரிசல் காட்டு நடுவே ரோடு நேராகக் கிடக்கிறது. ஓர் ஆட்டுக்காரர் தன் கிடையை ரோட்டுக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருக்கிறார். மாடசாமி தூரத்திலேயே பார்த்துவிட்டான். பிரேக்கை மிதித்தான், பிடித்தது. இரண்டாவது முறை மிதித்தபோது டேங்குப் பக்கம் படார் என்று ஒரு சத்தம். கீறல் விழுந்த நட்டு பிளந்து, மண்ணும் காற்றும் ஒன்றாகப் பீறிட்டுப் போய்விட்டன. மிதி அடிவரை இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில் அவன் செய்ததை எண்ணிப் பாருங்கள். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. கியரைக் குறைத்தான். ஆட்டுக்காரர் நின்ற பக்கம் போகாமல் ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியைக் காட்டுக்குள் இறக்கினான். முந்தின வாரம் பெய்த மழையில் கரிசல் சேறாகிக் கிடந்ததால் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது. வண்டியின் மூக்கு ஓடைக்கரையில் போய் இடித்து நின்றது. ஏழு ஆடு செத்தது. ஆட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடசாமியின் வலது முழங்கால் ஸ்டீயரிங்கின் கீழே சிக்கி நொறுங்கியது. உங்களுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது நீங்கள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தீர்கள். மாடசாமியைச் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். நான் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். நட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே ஆலிவ் வெற்றிலை மாதிரி நசுங்கிக் கிடந்தது. பைப்பின் வாயெல்லாம் மண். பிளந்த நட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நீங்கள் சோடா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்கள்.

"மாப்ளே, இவன் தூங்கிட்டான் வே."

மாடசாமிக்கு அது கேட்டது. வலியில் முனகிக்கொண்டிருந்தவன் முனகலை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மிதியை மிதித்து மிதித்துப் பார்த்ததைக் கண்ணால் கண்ட மனிதர் நீங்கள். உங்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு முழங்கால் போய்க் கிடக்கிறவனைப் பற்றி உங்கள் வாயிலிருந்து முதலில் வந்த சொல் அது. ஆட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டுமே என்று பயந்து சொன்னீர்களா? இல்லை. அதை நீங்கள் மறுநாளே தாராளமாகச் செய்தீர்கள், ஊரும் மெச்சியது. அம்மன் அடைத்த கசிவு என்று நாலு நாள் பீற்றிக்கொண்டது பொய்யாகிவிட்டால் டீக்கடையில் சிரிப்பார்களே, அதற்காகச் சொன்னீர்கள். ஒரு டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்த மனிதர் நீங்கள்.

சாயங்காலம் ஷெட்டுக்கு வந்து என்னிடம் வேறு மாதிரி பேசினீர்கள். "மாப்ளே, நட்டு போச்சுன்னு நீரு சொன்னா என்ன அர்த்தம்? அம்மன் மண்ணு நிக்கலன்னு அர்த்தம். அவ மண்ணுக்கு நாமளே கெட்ட பேரு வாங்கிக் குடுக்கலாமா?" இதைச் சொல்லும்போது கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டீர்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ அயோக்கியத்தனத்தைப் பார்த்திருக்கிறேன். விபூதி பூசிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தது அது ஒன்றுதான்.

உங்களிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால்தான் மறுநாள் காலையில் அக்காவை அனுப்பினீர்கள். தூக்குவாளியில் இட்லியோடு வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நீங்கள் சொன்னதைத்தான் நம்பினாள்.

"தம்பி, அவுகள நாலு பேரு முன்னால சிறுமப்படுத்திராதலே. வண்டி சரியில்லன்னு நீ சொல்லப் போறதா அவுக நெனைக்காக. நேத்துலருந்து சாப்பிடல. அவுக பொய் சொல்லுத மனுசனாலே?"

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பையில் நட்டு இருந்தது, எடுத்துக் காட்டியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இட்லியைத் தின்றேன்.

இரண்டு வாரம் கழித்து, யார் மேல் தப்பு என்று பேசக் கமிஷன் மண்டி குடோனில் கூடினார்கள். லாரிக்காரர்கள், ஆட்டுக்காரர், அவர் ஊர்ப் பெரியவர்கள். மாடசாமியைக் காலில் கட்டோடு அவன் மாமா தூக்கிக்கொண்டு வந்தார். தூங்கின டிரைவர் என்று பேர் விழுந்துவிட்டால் அதன்பின் ஒருத்தரும் ஸ்டீயரிங் தர மாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்காரர்தான் முதலில் கேட்டார், படிக்காத மனிதர், அவருக்கு இருந்த நியாயம் எனக்கு இல்லை.

"தூங்குனவன் ஆரன் அடிப்பானாய்யா? காட்டுக்குள்ள திருப்புவானா?"

"முழிச்சதும் அடிச்சான், முழிச்சதும் திருப்புனான்" என்றீர்கள் நீங்கள். கொஞ்சம்கூட யோசிக்காமல். அந்த மூளையில் கால்வாசியை அந்த நட்டின்மேல் செலவழித்திருக்கலாம்.

"மெக்கானிக்கு சொல்லட்டும்" என்றார்கள். மாடசாமி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க பாத்தீயல்லா, சொல்லுங்க" என்றான். நான் பொய் சொல்வேன் என்று அவன் நினைக்கவே இல்லை.

"பைப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. என்னைத் திட்டவில்லை. "சரி அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். பிறகு மாமாவிடம், "தூக்குங்க, போவோம்" என்றான்.

அதற்கு அப்புறம் நீங்கள் ஸ்பானரைத் தொடவில்லை. உஸ் என்று கேட்டாலே வண்டியை என் ஷெட்டுக்கு அனுப்பினீர்கள். அதை உங்கள் பச்சாதாபம் என்று சில காலம் நினைத்து என்னை ஏமாற்றிக்கொண்டேன். ஒரு தீபாவளிக்கு மாடசாமிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தனுப்பினீர்கள். அவன் வாங்காமல் திருப்பி அனுப்பியதும், "திமிரப் பாரும் வே" என்றீர்கள். அதோடு அந்த நினைப்பும் போயிற்று. அந்த வேட்டியை நீங்களே கட்டிக்கொண்டீர்கள்.

நேற்று அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை பஸ் ஏறிப் பனவடலிசத்திரத்துக்குப் போனேன். நாற்பது வருடத்தில் முதல் முறை. பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் மாடசாமி வீடு எது என்று கேட்டேன். கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். நடந்ததெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால்.

"எந்த மாடசாமி? இங்கன நாலஞ்சு மாடசாமி இருக்காகல்லா."

"முன்னால லாரி ஓட்டுனவரு. கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பாரு."

"ஓ, தூங்குமாடசாமியா?"

ஆமாம் என்றேன் அத்தான். வேறு என்ன சொல்ல? அதுதான் அவனுக்கு அந்த ஊரில் பேர். ரேஷன் கடையிலும் அதுதான், கல்யாண மொய் எழுதுகிற இடத்திலும் அதுதானாம். அவன் பிள்ளைகளைத் தூங்குமாடசாமி பிள்ளைகள் என்கிறார்களாம். வழி காட்டிக்கொண்டே வந்த அந்த டீக்கடைக்காரர் எதையோ தமாஷாகச் சொல்வது போல இதையெல்லாம் சொன்னார். நீங்கள் சோடா குடித்துக்கொண்டே வைத்த பேர், அடுத்த தலைமுறை வரைக்கும் வந்து நிற்கிறது.

மாடசாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. பருத்தி குடோனில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வாகிவிட்டானாம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். முழங்கால் மடங்காததால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி. மொதலாளி போயிட்டாகளாம்லா. கேள்விப்பட்டேன்" என்றான். மொதலாளி என்றுதான் இன்னமும் உங்களைச் சொல்கிறான்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்தது, நட்டு பிளந்திருந்தது, அதைப் பையில் போட்டது, அக்கா வந்தது, குடோனில் பொய் சொன்னது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுபத்து மூன்று வயதில் அப்படி அழுதது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவன் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் தோலை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"இத எதுக்கு அண்ணாச்சி எங்கிட்ட சொல்லுதீய? எனக்குத்தான் தெரியுமே. அன்னைக்கு அந்தப் பிரேக்க மிதிச்சது நான்லா. தெரியாதவுக எத்தன பேரு இருக்காக. அவுககிட்ட போயிச் சொல்லுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலச் சொன்னான். அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பி வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது டீக்கடைக்காரர் கேட்டார், "பாத்தீயளா தூங்குமாடசாமிய?" தெரியாதவர்களில் முதல் ஆள் என் முன்னாலேயே நிற்கிறார். வாயைத் திறந்தேன். "பாத்தேன்" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். உங்களைப் பார்த்து நான் காறித் துப்புவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ஒரு தடவை சொன்ன பொய் அது. நான் வாயை மூடிக்கொண்டே அதை நாற்பது வருடம் சொல்லியிருக்கிறேன்.

மதியம் வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதி முடிக்கிற நேரத்தில்தான் உறைக்கிறது. காலையில் தெரிந்தவனிடமே போய்ச் சொன்னேன். இப்போது இத்தனை பக்கமும் தெரிந்தவருக்கே எழுதியிருக்கிறேன். நடந்தது முழுக்கத் தெரிந்த ஆட்கள் மூன்றே பேர். அவன், நான், நீங்கள். உங்களுக்கு எழுதுவதில் எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை, அதனால்தான் பேனா இவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது.

அக்காவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. எழுதியதைக் கொடுத்துவிட்டுத் தப்பித்து வர முடியாது. நாளைக் காலையில் போய் எதிரில் உட்கார்ந்து வாயால்தான் சொல்ல வேண்டும். உங்கள் படத்துக்கு முன்னால், மாலை வாடுவதற்குள். அவள் என்னை அடிக்கலாம், வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லலாம். சொல்ல வேண்டியது ஒன்றும் நீளமில்லை. இந்த வயதிலும் நா எழவில்லை என்பதால் இங்கேயே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா, மாடசாமி தூங்கல.